மடியில் கனம்

மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியதும் கொங்கு நாட்டு ஊர்களில் கோயில் மைதானத்துக்கு முதலில் வந்து இறங்குவது ராட்டாந்தூரி. ஊஞ்சலை இப்பகுதியில் தூரி என்பார்கள். சுழல்கின்ற தூரி ராட்டாந்தூரி ஆயிற்று. நாம் சிறுவராக இருந்த எண்பதுகளின் இறுதியில் எங்கள் ஊருக்கு வந்தது மரத்தால் ஆனது. நடுவே ஓர் அச்சு, நான்கு தொட்டில்கள், அவற்றைக் கையால் இழுத்துவிட்டுச் சுற்றும் இரண்டு ஆட்கள். மின்சாரம் கிடையாது. அறிவிப்புப் பலகை கிடையாது. கம்பியடைப்பும் கிடையாது. ஆனால் விதி ஒன்று இருந்தது. தொட்டிலில் ஏற வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் ராட்டினக்காரர் அதைச் சலிக்காமல் சொல்லுவார்.

“மடியில கெடக்கறதை எல்லாம் ஆத்தாகிட்டக் குடுத்துட்டு ஏறு சாமி. மேல போயி உளுந்துதுன்னா கீழ நிக்கறவன் மண்டைக்கு அது கல்லு.”

பொரியுருண்டை, பம்பரம், நோம்பிக்காசு எல்லாம் அம்மாவின் முந்தானைக்குப் போய்ச் சேரும். வெறுங்கையோடு ஏறுவோம். அந்த மனிதர் சொன்னதுதான் இன்றைக்குக் கோடிக்கணக்கான ரூபாய் முதலீட்டில் எழுந்துள்ள கேளிக்கைப் பூங்காக்களின் வாயிலில் பலகையாக நிற்கிறது. ரோலர் கோஸ்டரில் கேமரா கூடாது, கைபேசி கூடாது, தொப்பி, கண்ணாடி, செருப்பு, சில்லறைக்காசு கூடாது என்று அது நீளுகிறது. படிக்கிறவர்களில் பாதிப்பேர் இதை நிர்வாகத்தின் கெடுபிடி என்றே எண்ணுகிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். பின்னர் இவ்விதியின் வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

*

ஆடும் பலகையில் ஏறி உயரே போய் வருகிற இன்பம் தமிழனுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி, வள்ளைப்பாட்டு ஆகியவற்றோடு ஊசல் வரியும் இடம்பெறுகிறது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களில் ஊசலும் ஒன்று. இவற்றைவிட நம் பொருளுக்கு நெருக்கமான காட்சி குறிஞ்சிக்கலியில் இருக்கிறது. தினைப்புனத்தின் அருகே ஊசலாடும் தலைவி, அவ்வழியே வழக்கமாக வந்து நிற்கும் தலைவனைத் தன் ஊசலைச் சற்று ஆட்டிவிடக் கேட்கிறாள். அவன் ஆட்டிவிடுகிறான். அவள் கைந்நழுவியது போலப் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். அவன் அதை மெய்யென்று நம்பித் தாங்கிக்கொள்கிறான். இதைத் தலைவியே தோழியிடம் சொல்வதாக அமைந்த பாட்டு அது.

வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு செய்தி இருக்கிறது. ஊசலில் கையை விட்டால் விழுவோம் என்பது இருவருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் பொய் எடுபடுகிறது. ஊசலைப் பொறுத்தவரை பாதுகாப்பு என்பது கயிற்றைப் பற்றியிருக்கும் இரண்டு கைகள் மட்டுமே. கையில் வேறெதையும் வைத்திருக்க இடமில்லை. ஆகவே அங்கே தனியாக விதியும் தேவைப்படவில்லை. விதி தேவைப்பட்டது எப்போது? கைகளுக்கு வேலையில்லாமற் போனபோது. அந்தக் கதையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டும்.

*

ரோலர் கோஸ்டரின் மூதாதை ருசியாவின் பனிச்சறுக்கு மேடை. மரச் சட்டங்களால் குன்று போல் கட்டி, நீரூற்றிப் பனியாக உறையவிட்டு, அதன்மேல் சறுக்கி இறங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இது பெரும் கேளிக்கையாக இருந்தது. 1817-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இதே ஏற்பாட்டைப் பனியில்லாமல், சக்கரம் பூட்டிய வண்டிகளைத் தடத்தில் ஓடவிட்டு அமைத்தார்கள். அதற்கு ருசிய மலைகள் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் ரோலர் கோஸ்டருக்கு அதுதான் பெயர். ருசியர்களோ அதையே அமெரிக்க மலைகள் என்று அழைக்கிறார்கள். ஒவ்வொருவரும் அச்சத்துக்கு அயலான் பெயரைச் சூட்டியிருப்பது மொழி ஆர்வலர்களுக்குச் சுவையான செய்தி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்ற ஊரில் நிலக்கரியை மலையிலிருந்து இறக்குவதற்காக 1827-இல் ஒரு தடம் போட்டார்கள். புவியீர்ப்பின் இழுப்பால் மட்டுமே வண்டிகள் கீழே உருண்டன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து அதில் ஏறத் தொடங்கினார்கள். கரி போன பாதை காலப்போக்கில் சுற்றுலாப் பாதையாயிற்று. இதையொட்டியே 1884-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கோனி ஐலண்டு கடற்கரையில் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் கேளிக்கைக்கென்றே ஒரு தடம் அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர், அதாவது மிதிவண்டியைவிடக் குறைவு. அதில் பயணித்த சீமாட்டிகளின் இறகுத் தொப்பி பறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வேகம் பிறகுதான் வந்தது. வேகத்தோடு பிடிகளும் வந்தன. 1907-ஆம் ஆண்டளவில் பயணியின் மடிக்குமேல் பூட்டும் கம்பி கோனி ஐலண்டில் புழக்கத்துக்கு வந்தது. 1919-இல் ஜான் மில்லர் என்னும் பொறியாளர் ஓர் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரத்தோடு, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தைப் பூட்டுவது அது. அதன் பிறகு வண்டி எவ்வளவு வேகமாக மேட்டைத் தாண்டினாலும் தடத்தைவிட்டு எழும்ப முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஏறிவரும் மலை இரயிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தை இயந்திரத்தின் பற்சக்கரம் கவ்விக்கொள்வதால் வண்டி சரிவில் வழுக்காது. ரோலர் கோஸ்டரில் முதல் மேடு ஏறும்போது கேட்கும் ‘கடகட’ ஓசையும் வண்டி பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பல்லின் ஓசையே. இரயில், பயணியை அச்சமின்றி ஏற்றிச்செல்லப் பல்லைக் கடிக்கிறது. ரோலர் கோஸ்டர் அவனை அச்சத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் விடுவதற்காகக் கடிக்கிறது.

மில்லரின் சக்கரம் வந்த பின்பு மேடுகள் கூர்மையாயின, பள்ளங்கள் செங்குத்தாயின. மேட்டின் உச்சியை வேகமாகத் தாண்டும்போது வண்டி கீழ்நோக்கி வளைகிறது. வண்டிக்குள் இருக்கும் உடலோ வந்த திசையிலேயே போக முனைகிறது. ஆசனத்தைவிட்டு உடல் எழும்பும் அந்தக் கணம்தான் இந்தக் கேளிக்கையின் உயிர்நாடி. அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் பார்க்கலாம். வண்டியை அடிச்சக்கரம் பிடித்திருக்கிறது. மனிதனை மடிக்கம்பி பிடித்திருக்கிறது. சட்டைப்பையிலுள்ள பேனாவை எது பிடித்திருக்கிறது? தலையிலுள்ள தொப்பியை? கையிலுள்ள கேமராவை? ஆசனத்தைவிட்டு உடல் எழும்பும் அதே கணத்தில் அவையும் எழும்புகின்றன. அவற்றுக்குத் தடுப்பு இல்லை. மனிதனின் கை ஒரு தடுப்பாகாதா என்றால், அச்சத்தில் உடல் தன்னை மறந்து கம்பியைப் பற்றும்போது விரல்கள் முதலில் கைவிடுவது கையிலுள்ள பொருளைத்தான்.

இனி அந்தப் பொருளின் பயணம். இன்றைய கைபேசி ஒன்றின் எடை ஏறத்தாழ 200 கிராம். கிரிக்கெட் பந்து 160 கிராம் அளவே இருக்கும். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்திலிருந்து விழும் கைபேசி, காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் பந்து வீசும் வேகம் அது. ஆனால் பந்து உருண்டையானது. மட்டையாளரிடம் தலைக்கவசம் உண்டு, பந்து வருவதும் அவருக்குத் தெரியும். வரிசையில் நின்று வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. கீழே நிற்பவன் மண்டைக்கு அது கல் என்ற ராட்டினக்காரரின் வாக்கில் மிகை சிறிதும் இல்லை.

*

பட்டியலிலுள்ள மற்றப் பொருள்களைக் கழற்றிவைக்க யாரும் பெரிதாக மறுப்பதில்லை. கேமரா ஒன்றுதான் வழக்குப் பேசுகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு.

திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே கேமராவை ஓடும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். 1897-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ‘ஹேவர்ஸ்ட்ரா டன்னல்’ என்ற சிறு படத்தில் கேமரா இரயிலின் முகப்பில் இருந்தது. தண்டவாளம் திரையில் பாய்ந்து வந்து, வண்டி குகைக்குள் நுழைந்து வெளியேறுவதைப் பார்வையாளர்கள் தங்கள் இருக்கையில் இருந்தபடியே அனுபவித்தார்கள். நகர்வதில் உள்ள கிளர்ச்சியைக் கண்ணுக்கு மட்டும் தந்த முதற்படங்கள் இவை.

நம் பகுதிக்குச் சலனப்படத்தைக் கொண்டுவந்தவரும் இரயிலிலிருந்து இறங்கி வந்தவரே. கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். கோயம்புத்தூரில் 1914-இல் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தென்னிந்தியாவின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் ஒன்று. பின்னாளில் அது டிலைட் எனப் பெயர் மாறியபோதும் சாலையின் பெயர் வெரைட்டி ஹால் சாலை என்றே நிலைத்துவிட்டது. ராட்டினமும் கூடாரச் சினிமாவும் திருவிழாக் கூட்டத்தையே நம்பிப் பிழைத்த தொழில்கள். ஒன்று உடலை ஆட்டியது, மற்றொன்று கண்ணை ஆட்டியது.

கண்டதைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற வேட்கையும் இங்கே வெகு காலமாக உண்டு. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1936-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். திரைப்படக் கேமராவுக்கான தூரச் சீரமைப்புக் கருவி ஒன்றையும் உருவாக்கினார். அயலூர் வீதியில் கூட்டத்தோடு நின்று, இதை நம் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேமராவை உயர்த்திய அந்தக் கைக்கும், பூங்காவில் கைபேசியை உயர்த்தும் நம் பிள்ளைகளின் கைக்கும் வேட்கையில் வேறுபாடில்லை என்றே தோன்றுகிறது. அந்த வேட்கையை இழிவாகப் பேசுவது நமக்கு உடன்பாடன்று.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் ‘திஸ் இஸ் சினிராமா’ என்னும் படம் வெளியாயிற்று. அப்படத்தில் வளைந்த பெருந்திரை முழுதும் விரிந்த முதல் காட்சியே ரோலர் கோஸ்டர் பயணம்தான். ராக்கவேஸ் பிளேலேண்டு பூங்காவின் தடத்தில் கேமராவை வண்டியின் முன்புறம் பொருத்தி எடுத்திருந்தார்கள். அரங்கில் பலர் இருக்கைக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்கள். ரோலர் கோஸ்டரில் கேமரா ஏறியதே இல்லை என்பதில்லை. அது ஏறியபோதெல்லாம் வண்டியின் ஓர் உறுப்பாக முடுக்கப்பட்டே ஏறியது. கட்டிய கேமராவை வண்டி சுமந்தது. கையிலுள்ள கேமராவைச் சுமப்பது அச்சமுற்ற மனிதன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இவ்விதி பிறந்தது.

சிறு கேமராவை நெற்றியிலும் மணிக்கட்டிலும் பட்டையால் கட்டிக்கொள்ளும் வசதி இந்நூற்றாண்டில் வந்த பிறகு, இதுவும் கட்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பட்டை அறுந்தால் என்னவாகும் என்று பூங்கா பொறியாளர் எதிர்க்கேள்வி கேட்கிறார். அவர் சோதித்து முடுக்காத எதையும் அவர் கட்டியதாகக் கொள்வதில்லை. இதற்கிடையே பூங்காக்களே தடத்தின் ஓரத்தில் கேமரா பொருத்தி, நாம் அலறும் முகத்தைப் படமெடுத்து, வெளியேறும் வழியில் விலைக்கு வைக்கின்றன. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு படத்தை விற்கிறார்கள் என்ற குறை இதனால்தான் எழுகிறது. குறையில் ஓரளவு நியாயம் உண்டு. வணிகம் விதியின் நிழலில் குளிர்காய்கிறது. ஆனாலும் விதி வணிகத்துக்காகப் பிறந்ததன்று.

*

எதனால் பிறந்தது என்பதற்கு மூன்று நிகழ்வுகளைச் சொன்னால் போதும்.

1998-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கிரேட் அமெரிக்கா பூங்காவில், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிச் செல்லும் வகையைச் சேர்ந்த ரோலர் கோஸ்டர் ஒன்றின் அடியில், பூட்டிய அடைப்புக்குள் ஒருவர் நுழைந்தார். விழுந்த தொப்பியை எடுக்கப் போனார். இவ்வகை வண்டியில் பயணிகளின் கால்கள் அந்தரத்தில் தொங்கும். வேகமாக வந்த பயணி ஒருவரின் கால் அவர்மேல் மோதியது. அவர் இறந்தார், பயணியின் கால் முறிந்தது. இறந்தவர் ஸ்பானிய மொழி பேசுபவர்.

2011-ஆம் ஆண்டு புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் பூங்காவில், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் விலகிச் செல்லும்படி அமைந்த டிராகன் சேலஞ்ச் என்ற ரோலர் கோஸ்டரில் பயணி ஒருவர் பறந்துவந்த பொருளால் தாக்குண்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் இரு வண்டிகளையும் ஒரே நேரத்தில் விடுவது நிறுத்தப்பட்டது. எதிரெதிர் பாய்வதற்காகவே கட்டப்பட்ட அது, தன் இயல்பை இழந்து சில ஆண்டுகள் ஓடி, 2017-இல் மூடப்பட்டது.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒகையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் பூங்காவில், பயணத்தின்போது விழுந்த கைபேசியைத் தேடி அடைப்பைத் தாண்டிய ஒருவர்மேல் ரோலர் கோஸ்டர் மோதி அவர் இறந்தார். அதுவும் கால்கள் தொங்கும் வகையே. அதே 2015-இன் ஜூன் இறுதியில்தான், ஓடும் வண்டியில் ஒருவர் தற்படக் கோலை நீட்டியதால் பயணத்தை நடுவில் நிறுத்த நேர்ந்ததை அடுத்து, அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் அக்கோலை முற்றாகத் தடைசெய்தன. யுனிவர்சல் பூங்கா தன் பெரிய ரோலர் கோஸ்டர்களின் நுழைவாயிலில் உலோகங்காணும் கருவிகளை நிறுத்தியதும் அவ்வாண்டிலேயே.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் விதி வளர்ந்த முறை தெரிகிறது. முதலில் கவனமாக இருங்கள் என்ற வேண்டுகோள், பிறகு கூடாது என்ற பலகை, பிறகு பொருளை வைத்துச் செல்லப் பூட்டுப் பெட்டி, பிறகு உடலைத் தடவிப் பார்க்கும் கருவி. ஒவ்வொரு படிக்கும் முன்னால் யாரோ ஒருவர் எதையோ இழந்திருக்கிறார். இன்னொன்றும் தெரிகிறது. இந்த மூவரில் இருவர் இறந்தது பயணத்தில் அன்று. விழுந்ததை எடுக்கப்போன இடத்தில் இறந்தார்கள். பொருள் விழுவது முதல் ஆபத்து. அதன்மேல் மனம் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது ஆபத்து.

இந்தியாவில் இக்கேளிக்கையின் வயது குறைவு. தில்லியில் அப்பு கர் 1984-இல் திறக்கப்பட்டு 2008-இல் மூடப்பட்டது. மும்பையில் எஸ்ஸல் வேர்ல்டு 1989-இல் வந்தது. கொச்சியில் வீகாலேண்டு 2000-இல் தொடங்கியது. கோவைக்காரர்களுக்கு நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டரும் பேரூர்ப் பக்கம் கோவை கொண்டாட்டமும் பள்ளிச் சுற்றுலாவின் மறுபெயர்களாயின. 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில் கால்கள் தொங்கும் வகை ரோலர் கோஸ்டரும் வந்துவிட்டது. அதில் ஏறச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றால் நம் மக்கள் முணுமுணுக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போவது நமக்குப் பிறவிப் பழக்கம். கைபேசியைக் கழற்றிவைப்பதுதான் பழகவில்லை.

*

இவற்றையெல்லாம் தேடிப் படித்ததற்கான காரணத்தைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் மாணவர்களை அழைத்துக்கொண்டு நாங்கள் ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தோம். பூங்காவின் பெயர் இங்கே தேவையில்லை. மாணவர்களுள் ஒருவர் சோமனூர்ப் பக்கத்தவர். தகப்பனார் விசைத்தறித் தொழிலாளி. மாணவரும் விடுமுறை நாள்களில் தறிக்குடோனில் வேலை செய்து, தவணை முறையில் ஒரு கைபேசி வாங்கியிருந்தார். தவணையில் இன்னும் நான்கு மாதம் பாக்கி. சட்டைக்குள் மறைத்து எடுத்துச்சென்று, ஊரிலுள்ளவர்களுக்குக் காட்டுவதற்காக ரோலர் கோஸ்டரின் முதல் மேட்டில் அதை வெளியே எடுத்தார். இரண்டாம் வளைவில் அது இல்லை.

வண்டி நின்றதும் அவர் எங்களிடம் வரவில்லை. நேரே கம்பியடைப்பை நோக்கி ஓடினார். அடைப்புக்கு அப்பால் புல்தரையில் அந்தக் கைபேசி கருப்பாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கால் கம்பிமேல் ஏறிவிட்டது. அப்போது அங்கு வேலை பார்த்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் வடமாநிலத்தவர், தமிழ் தெரியாதவர். பேசிப் புரியவைக்க வழியில்லாமல், ஒரு கையால் மாணவரை இறுக்கியபடி மறு கையை நீட்டி மேலே காட்டினார். அடுத்த வண்டி பள்ளத்தில் இறங்கி, கைபேசி கிடந்த இடத்துக்கு மேலாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மாணவர் காலை இறக்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார்.

மாலையில் வண்டிகளை நிறுத்திய பின் கைபேசியை எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது, பலகையைப் படிக்கவில்லையா என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் நம்மை உறுத்துகிறது.

“படிச்சேனுங்கய்யா. தளர்வான பொருள் கொண்டுபோகக் கூடாதுன்னு போட்டிருந்துச்சுங்க. நான் இறுக்கமாத்தானுங்கய்யா புடிச்சிருந்தேன்.”

ஆங்கிலத்தில் ‘லூஸ் ஐட்டம்ஸ்’ என்று இருந்ததை யாரோ அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்துத் ‘தளர்வான பொருட்கள்’ ஆக்கியிருக்கிறார்கள். தளர்ந்த நடை, தளர்ந்த வயது, தளர்ந்த பிடி உண்டு. தளர்வான கைபேசி என்று தமிழில் ஒன்று இல்லை. அந்தச் சொற்றொடருக்குள் இறந்தவர்களும் இல்லை, கண்ணை இழந்தவரும் இல்லை, கீழே நிற்பவனும் இல்லை. காரணத்தை உதிர்த்துவிட்டு, தடை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. 1998-இல் அடைப்புக்குள் நுழைந்தவர் ஸ்பானிய மொழிக்காரர் என்பதைப் பின்னாளில் படித்தபோது நாம் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அவருக்கு அங்கிருந்த பலகை புரிந்ததா என்பது நமக்குத் தெரியாது. சோமனூர் மாணவருக்குப் பலகை தமிழில் இருந்தும் புரியவில்லை என்பது தெரியும். மொழி தெரியாத இளைஞரின் கை உணர்த்தியதை, மொழியில் எழுதிய பலகை உணர்த்தவில்லை. தமிழ் கற்பிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி இது. மொழிபெயர்ப்புத் தாளில் கவிதைக்கும் சிறுகதைக்கும் மதிப்பெண் போடுகிறோம். உயிரைக் காக்கும் ஒரு வரியைத் தமிழில் எழுதப் பயிற்சி தந்ததில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அதைத் தந்தோம். அந்தப் பலகையைத் திரும்ப எழுதுங்கள், எந்த ஊர் ஆத்தாவுக்கும் புரிய வேண்டும், ஏன் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்றோம். சிலர் ‘உதிரிப் பொருள்கள்’ என்று எழுதினார்கள். அது முன்னதைவிட மேல். சிலர் ‘கழன்று விழக்கூடியவை’ என்றார்கள். அது இன்னும் மேல். ஒரு மாணவி மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற பழமொழியை எடுத்து, மடியில் கனமிருந்தால் கீழே இருப்பவருக்குப் பயம் என்று திருப்பிப் போட்டிருந்தார். வகுப்பு கைதட்டியது.

சோமனூர் மாணவர் தம் தாளைக் கடைசியாகக் கொடுத்தார். அதில் மூன்றே வரிகள் இருந்தன.

“வண்டியோடு கட்டப்படாதது எதுவும் உங்களோடு திரும்பி வராது. அது விழுகிற இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். விழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள், மாலையில் நாங்கள் எடுத்துத் தருகிறோம்.”

மூன்றாவது வரிதான் நம்மை நிறுத்தியது. உலகத்துப் பலகைகள் பெரும்பாலும் கூடாது என்பதோடு முடிந்துவிடுகின்றன. விழுந்த பிறகு ஒருவன் மனம் என்ன பாடுபடும் என்று அறிந்தவர் எழுதிய வரி அது. நோம்பி மைதானத்து ராட்டினக்காரரும் வெறுமனே கொண்டுவராதே என்று சொல்லவில்லை. ஆத்தாகிட்டக் குடுத்துட்டு ஏறு என்று, பொருளுக்கு ஓர் இடத்தையும் காட்டிவிட்டுத்தான் ஏறச் சொன்னார்.

அந்தத் தாளை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலாவுக்குப் புறப்படும் பேருந்தில், ஊர் எல்லையைத் தாண்டும்போது ஒருமுறை வாசித்துக் காட்டுகிறோம்.